கீழ் ‘த’ கிடைக்கவில்லை: மவுத் ஆர்கனுக்கு எந்த ட்யூனிங் எடுக்கலாம்?

கேள்வி

வணக்கம். எனக்கு வயது 48. நான்கு மாதமாக 10 துளை, சி ஸ்கேல் மவுத் ஆர்கனில் தினம் அரை மணி நேரம் பழகுகிறேன். ஆசிரியர் கிடையாது. அம்மா எங்களைத் தூங்க வைக்கப் பாடிய மோகனத் தாலாட்டு ஒன்றை அவர் கேட்க வாசிக்க வேண்டும். வாங்கியதே அதற்காகத்தான்.

4ஆம் துளையில் ஊதி ‘ச’ பிடித்தால் மேலே எல்லாம் சரியாக வருகிறது. ஆனால் ஒவ்வொரு அடியும் ‘ச த ப’ என்று கீழே இறங்கித்தான் முடியும். அந்த ‘த’ எங்கேயும் இல்லை. 3ஆம் துளையில் ஊதினால் ‘ப’, இழுத்தால் ‘நி’. 2ஆம் துளையை இழுத்தால் மறுபடியும் அதே ‘ப’. பீஸே பழுதா? 7ஆம் துளையில் ‘ச’ வைத்தால் இறங்க முடிகிறது, ஆனால் சத்தம் கூர்மையாகி விடுகிறது, தாலாட்டு மாதிரி இல்லை.

தேடியதில் சோலோ, கன்ட்ரி, பேடி ரிக்டர், மெலடி மேக்கர் என்று பல பெயர்கள். இந்த வயதில் தொடங்குகிறவன் எதை எடுப்பது?

பதில் 1

பழுது இல்லை சார். சாதாரண மவுத் ஆர்கனின் ரிக்டர் அமைப்பே அப்படித்தான். கீழே 1, 2, 3 துளைகளைச் சேர்த்து ஊதினால் ச-க-ப, 2, 3, 4 சேர்த்து இழுத்தால் ப-நி-ரி என்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வர வேண்டும் என்பதற்காகவே அந்தப் பகுதியில் ‘ம’வும் ‘த’வும் விடப்பட்டிருக்கின்றன. முழு ஸ்தாயி 4 முதல் 7 வரை மட்டும்தான்.

பதில் 2

தம்பி, உங்களுக்கு ஒரே ஒரு ரீட் (உள்ளே அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு) மாறினால் போதும். 3ஆம் துளையில் ஊதும் ‘ப’வை ‘த’ ஆக்குவதுதான் பேடி ரிக்டர். நியூசிலாந்துக் கலைஞர் பிரெண்டன் பவர் ஐரிஷ் மெட்டுகளுக்காக அமைத்தது. அந்த ‘ப’ 2ஆம் துளையில் இழுத்தாலே கிடைப்பதால் மெலடிக்கு நஷ்டம் எதுவும் இல்லை. இனி மோகனத்தைப் பாருங்கள் (ஊ = ஊதுவது, இ = இழுப்பது):

1ஊ ச, 1இ ரி, 2ஊ க, 2இ ப, 3ஊ த
4ஊ ச, 4இ ரி, 5ஊ க, 6ஊ ப, 6இ த
7ஊ ச, 8இ ரி, 8ஊ க, 9ஊ ப, 10இ த, 10ஊ ச

மூன்று ஸ்தாயியும் நிறைந்துவிட்டது, ஒரு பெண்டு (மூச்சால் சுரத்தை வளைத்து இறக்குவது) கூட வேண்டாம். இதை முதன்முதலில் எழுதிப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இதே சுரங்களை வைத்துக்கொண்டு ஆதாரத்தை, அதாவது எது ‘ச’ என்பதை மட்டும் மாற்றுங்கள். 2இ-யை ‘ச’ ஆக்கினால் சுத்த சாவேரி, 4இ-யில் மத்தியமாவதி, 5ஊ-வில் இந்தோளம், 6இ-யில் சுத்த தன்யாசி. இப்படி ‘ச’ இடம் மாறி ராகம் மாறும் கிரக பேதம் முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

மற்றவை சுருக்கமாக. கன்ட்ரியில் 5ஆம் துளையில் இழுக்கும் சுத்த மத்திமம் பிரதி மத்திமமாகும், உங்கள் ‘த’வுக்கு உதவாது. சோலோவில் ‘த’ கிடைக்கும், பிறகு குரோமாட்டிக் (எல்லா அரைச்சுரங்களும் உள்ள மவுத் ஆர்கன்) வாங்கும் எண்ணம் இருந்தால் நல்ல வழி. ஆனால் 10 துளையில் மூன்று ஸ்தாயி அடங்காது, ரிக்டரில் பழகியதையும் மறுபடி பழக வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மெலடி மேக்கரிலும் 3ஆம் துளை இதே போலத்தானாமே? கடையில் அதுதான் இருக்கிறது. ‘சி’ என்று போட்டதை எடுத்துவிடவா?

பதில் 2

பொறுங்கள்! லீ ஆஸ்கர் நிறுவனத்தின் மெலடி மேக்கரில் 3ஊ மாற்றத்தோடு 5இ, 9இ இரண்டும் அரைச்சுரம் ஏறியிருக்கும். பெயரும் 2ஆம் துளையில் இழுக்கும் சுரத்தை வைத்துத்தான். ‘சி’ என்று போட்டிருந்தால் அடிப்படை எஃப். உங்கள் கைப்பழக்கத்துக்கு ஒத்தது ‘ஜி’ என்று போட்டது. மோகனத்துக்குக் கூடுதல் மாற்றங்கள் இடைஞ்சல் இல்லை. ஆனால் 4ஊ-வை ஆதாரமாக வைத்துச் சங்கராபரணம் வாசித்தால் சுத்த மத்திமம் இருக்காது, கல்யாணி ஆகிவிடும்.

பதில் 3

நான் மாறுபடுகிறேன். 3இ ‘நி’யை முழுச்சுரம் கீழே பெண்ட் செய்தால் ‘த’ கிடைக்கும். அதைப் பழகினால் எந்த மவுத் ஆர்கனை எடுத்தாலும் வாசிக்கலாம். பேடி ரிக்டரில் அந்தத் துளையில் அரைச்சுரம்தான் வளையும், 1-2-3 ஊதும் கார்டும் மாறிவிடும். ப்ளூஸ் ஆசை இருந்தால் தொடாதீர்கள்.

பதில் 2

நியாயமான பேச்சு. ஆனால் அந்த பெண்டு மூன்று அரைச்சுரம் வளையும். நடுவில் சுருதி பிசகாமல் நிறுத்தத் தொடக்கக்காரருக்குப் பல மாதம் ஆகும். அம்மா கேட்க வேண்டிய பாட்டு அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒன்றை மாற்றுங்கள், இன்னொன்றை அப்படியே வைத்துப் பெண்ட் பழகுங்கள்.

கேட்டவர்

ஐயா சொன்னபடி, பழைய பீஸில் நானே மாற்றிப் பார்க்கலாமா? ஸ்க்ரூ போட்ட மாடல்தான்.

பதில் 2

தாராளமாக. ஊதும் ரீட்கள் சீப்பின் (துளைகள் உள்ள நடுச்சட்டம்) உட்புறம் இருக்கும், அதனால் மேல் தகட்டைக் கழற்ற வேண்டும். ரீட்டின் அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகிக்கொண்டு, ஆடும் நுனியில் மட்டும் நுண்ணிய அரத்தால் லேசாகச் சுரண்டுங்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். 392 ஹெர்ட்ஸிலிருந்து 440க்குப் போக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. ட்யூனர் ஆப் போதும்.

கேட்டவர் (இரண்டு வாரம் கழித்து)

‘த’ வந்துவிட்டது! நேற்று அம்மாவிடம் வாசித்தேன். இரண்டாம் அடியில் அவரே சேர்ந்து பாடினார். இன்று காலை பார்த்தால் அந்த ரீட் லேசாக இறங்கியிருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில் 2

இல்லை தம்பி. சுரண்டிய ரீட் அடங்கச் சில நாள் ஆகும். அதற்குள் தொடாதீர்கள். பிறகு 6இ-யோடு ஒப்பிட்டு, குறைவு இருந்தால் நுனியில் இரண்டு இழுப்பு. அதிகம் வேண்டாம்.