ஹாரிஸ் தீவின் ரோடல் தேவாலயம்: உள்ளே போனால் அவசரப்படாதீர்கள்

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்குப் போகிறவர்கள் ஹாரிஸில் லஸ்கன்டைர் கடற்கரையைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தீவின் தென்கோடியில் ரோடல் என்று ஓர் ஊர் உண்டு. ஊர் என்றால் சில வீடுகள், படகு கட்ட ஒரு சிறு துறை, அவ்வளவுதான். அங்கே மேட்டின் மேல் நிற்கிறது செயின்ட் கிளெமென்ட் தேவாலயம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெக்லவுட் குலத் தலைவர்களுக்காகக் கட்டியது.

போகும் வழி சுலபம்தான், நேரம்தான் பிடிக்கும். ஸ்கை தீவின் ஊயிக்கில் ஃபெர்ரி ஏறினால் ஹாரிஸின் டார்பர்ட் துறையில் இறங்கலாம். அங்கிருந்து தெற்கே நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். சாம்பல் நிறச் சுவர், ஒரு சதுரக் கோபுரம், சுற்றிலும் புல் மண்டிய கல்லறைகள். சுவரில் இருப்பது அந்தத் தீவின் பாறை. அந்த வகைப் பாறையின் வயது 300 கோடி ஆண்டு வரை போகும் என்கிறார்கள். கோபுரத்தை ஒரு சுற்று சுற்றி, அண்ணாந்து பாருங்கள். காளைத் தலை ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். தெற்குப் பக்கம் ஒரு பெண் உருவம், உடுப்பில்லாமல், கால்களை அகட்டிக் குந்தியிருக்கிறது. தேவாலயச் சுவரில் இது எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

உள்ளே போனால் இருட்டும் ஈரமும். பெஞ்சு இல்லை, மெழுகுவத்தி இல்லை, வாடிக்கையான ஆராதனையும் இல்லை. நான் நின்றிருந்தபோது ஒரு குடும்பம் வந்தது, எட்டிப் பார்த்தது, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டது. வயிற்றெரிச்சலாக இருந்தது. ஏனென்றால் அவர்கள் நின்ற இடத்திலிருந்து சில அடி தள்ளி, பீடப் பகுதியின் தெற்குச் சுவருக்குள், மெக்லவுட் குலத் தலைவர் அலாஸ்டர் குரோட்டாக்கின் கல்லறை இருக்கிறது. ஸ்காட்லாந்தின் அந்தக் காலச் சிற்பங்களில் இதற்கு ஈடு சொல்ல அதிகம் இல்லை.

கறுத்த கல்லில் கவசம் பூண்ட ஓர் ஆள் மல்லாந்து கிடக்கிறார், கையில் நீண்ட வாள். அவருக்கு மேலே சுவரைக் குடைந்து ஒரு வளைவு. வளைவின் உச்சியில் திரித்துவம், இருபுறமும் அப்போஸ்தலர்கள். உள்சுவரில் கட்டம் கட்டமாகச் சிற்பங்கள்: நடுவில் குழந்தையோடு மாதா, பக்கத்தில் ஆயர் (பிஷப்) உருவங்கள். இதுவரை எந்தத் தேவாலயத்திலும் காணக்கூடியவைதான். கண்ணைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரு கோட்டை. பாய் விரித்த ஒரு போர்ப் படகு, துடுப்புக்கான துளைகள்கூடத் தெரிகின்றன. வேட்டை நாய்களைப் பிடித்துக்கொண்டு ஆட்கள், எதிரே மான்கள். அந்த வேட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, தராசில் ஆன்மாவை நிறுத்துக்கொண்டிருக்கிறார் மிக்கேல் தூதர். சாத்தான் அங்கேயே நிற்கிறான். வாழ்ந்தபோது எதில் பெருமைப்பட்டாரோ அதையும், செத்த பின் எதற்குப் பயந்தாரோ அதையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் செதுக்க வைத்திருக்கிறார்.

செதுக்க வைத்தது அவரேதான். டன்வேகன் பிரபு அலெக்சாண்டர், அதாவது அலாஸ்டர், இதைச் செய்வித்தார் என்று 1528ஆம் ஆண்டைப் போட்டு லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அவர் இறந்தது 1547 வாக்கில். இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறையத் தன் கல்லறை தயாராக நிற்பதைப் பார்த்துக்கொண்டே ஆண்டிருக்கிறார் மனிதர். போரில் முதுகில் பட்ட வெட்டால் கூன் விழுந்தவர் என்பது வழிவழிக் கதை. கல்லில் மட்டும் நேராகப் படுத்திருக்கிறார்!

அங்கே ஒரு பெரியவரைச் சந்தித்தேன், ஸ்காட்லாந்தின் பெருநிலப் பகுதியிலிருந்து வந்தவர், கல்தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். டார்ச்சை நேராக அடிக்காதே, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடி என்றார். பிடித்தேன். அதுவரை வெறும் மேடுபள்ளமாகத் தெரிந்த இடத்தில் நாயின் விலா எலும்பு எழுந்து வந்தது. செல்போன் ஃப்ளாஷ் போட்டு எடுத்த என் படங்கள் எல்லாம் தட்டையாக இருந்ததற்குக் காரணம் புரிந்தது. 17ஆம் நூற்றாண்டில் கேலிக் மொழியில் பாடிய கவிஞர் மேரி மெக்லவுட்டை இங்கேதான் குப்புறப் படுக்க வைத்துப் புதைத்தார்கள் என்ற ஊர்க் கதையையும் அவர்தான் சொன்னார். ஏன் குப்புற என்று கேட்டதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள் என்று சிரித்தார்.

வாள் செதுக்கிய பழைய கல்லறைப் பலகைகள் இன்னொரு பக்கம் சாத்தி நிற்கின்றன, அவற்றையும் விடாதீர்கள். கோபுரத்துக்குள் கல்படியும் மர ஏணியும் உண்டு. முழங்கால் ஒத்துழைத்தால் ஏறலாம்.

இந்தக் கட்டடம் நிற்பதே அதிசயம். 1560இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபை வந்த பிறகு இதைக் கைவிட்டார்கள். ஆட்களைப் புதைப்பது மட்டும் நிற்கவில்லை. 1784இல் பெர்னரே தீவின் கேப்டன் அலெக்சாண்டர் மெக்லவுட் பழுது பார்த்தார், உடனே தீப்பிடித்தது, மறுபடியும் 1787இல் சரிசெய்தார். 1873இல் டன்மோர் சீமாட்டி கேதரின் எடுத்துப் புதுப்பித்தார். இந்தத் தீவில் கையால் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணியை லண்டன் பணக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் இதே சீமாட்டிதான். எனக்கென்னவோ அந்தத் தீவில் நெசவாளர் கதையும் இந்தச் சுவர்களின் கதையும் ஒரே ஆளிடம் போய் முடிவது பொருத்தமாகப் பட்டது.

பக்கத்து ஊர் லெவர்பரா. நம் வீட்டுச் சன்லைட் சோப்பின் முதலாளி லெவர்ஹியூம் பிரபு 1919இல் ஹாரிஸை விலைக்கு வாங்கி, பெரிய மீன்பிடித் துறைமுகம் ஆக்கப் பார்த்த இடம். ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1925இல் அவர் இறந்ததும் திட்டமும் போயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. நல்ல டார்ச் கொண்டுபோங்கள். ஞாயிற்றுக்கிழமையை அந்தத் தீவு ஓய்வுநாளாகவே வைத்திருக்கிறது. கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், பெட்ரோலும் சாப்பாடும் சனிக்கிழமையே பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது கிழக்குக் கரையில் கோல்டன் ரோடு வழியாக வாருங்கள். ஒற்றைத் தடம்தான், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம் வரை பின்னால் எடுக்கத் தெரிந்தவர் ஓட்டட்டும்.