கோஸ்டா ரிக்காவில் நிலம்: இப்போதே வாங்குவதா, ஒரு மழைக்காலம் இருந்து பார்ப்பதா?

மலைச்சரிவு:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஓய்வுக்காலத்தைக் கோஸ்டா ரிக்காவில் கழிப்பது என்று முடிவு செய்து, நிக்கோயா தீபகற்பத்தின் தென்கோடியில், கோபானோவுக்கு அருகே, கடல் தெரியும் குன்றுச் சரிவில் 1 ஹெக்டேர் நிலம் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு முறை போய் வந்தோம். இரண்டு முறையும் ஜனவரி மாதம். ஒரு பக்கம் பழைய காடு, இன்னொரு பக்கம் ஓடை, நடுவே வீடு கட்டத் தோதான சமதளம். விற்பவர் இந்த மாத இறுதிக்குள் முன்பணம் கேட்கிறார். அங்கே வெளிநாட்டவரும் சொந்தப் பெயரில் நிலம் வாங்கலாம் என்பதால் துணிந்து வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார் மனைவி. எனக்கு வயது 62. அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதிவேடு:

வாங்குங்கள் ஐயா. நான் அந்த நாட்டில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். வெப்பமண்டல நாடுகளில் குடியேற நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, நிலம் தம் பெயரில் நிற்குமா என்பதைத்தான். தாய்லாந்தில் வெளிநாட்டவருக்கு மனை சொந்தமாகாது, 30 ஆண்டுக் குத்தகையோடு நிற்க வேண்டும். பிலிப்பைன்ஸில் 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்பே தடுக்கிறது. இலங்கையில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு வெளிநாட்டவர் பெயருக்கு நிலத்தைக் கிரயம் செய்ய முடியாது. இந்த நாடுகளில் உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரில் வாங்கி வைத்து, உறவு கெட்டதும் எல்லாவற்றையும் இழந்தவர்கள் பலர்.

கோஸ்டா ரிக்காவில் அந்தக் கவலை இல்லை. பட்டா நிலத்தைப் பொறுத்தவரை குடிமகனுக்கும் வெளிநாட்டவருக்கும் ஒரே உரிமைதான். ஒவ்வொரு நிலத்துக்கும் தேசியப் பதிவகத்தில் ஓர் எண் உண்டு. அதைக் கொண்டு உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழக்கு உண்டா என்பதை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்த்துவிடலாம். எண்ணின் முதல் இலக்கம் மாகாணத்தைக் குறிக்கும். நிக்கோயாவின் பெரும்பகுதி குவானகாஸ்தே மாகாணம், அதற்கு 5. நீங்கள் சொல்லும் தென்கோடி புந்தரேனாஸைச் சேர்ந்தது, அதனால் உங்கள் நிலத்தின் எண் 6-இல் தொடங்க வேண்டும். கைமாற்று வரி 1.5 விழுக்காடு, ஆண்டுச் சொத்துவரி 0.25 விழுக்காடு. நான் மூன்று ஆண்டுகள் வாடகைக்கு இருந்து யோசித்துக்கொண்டே இருந்ததில், கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்திருக்க வேண்டிய மனை கைநழுவிப் போனது. பிறகு அதே பணத்துக்குக் கடலைப் பார்க்காத மனைதான் கிடைத்தது.

ஈரமண்:

பதிவேடு அவர்கள் சொன்ன சட்டம் சரி, முடிவு தவறு. உரிமை தெளிவாக இருப்பது வேறு, அந்த நிலத்தில் வீடு கட்டி வாழ முடிவது வேறு. கேள்வி கேட்டவரின் விவரிப்பிலேயே எனக்கு மூன்று இடங்கள் உறுத்துகின்றன: காடு, ஓடை, சமதளம்.

1996-ஆம் ஆண்டு வனச்சட்டம், எண் 7575, காடு என்று வகைப்பட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கூடாது என்கிறது. உரிமையாளர் நீங்களே ஆனாலும் அரசின் அனுமதி இல்லாமல் அந்தப் பக்கத்தை வெட்டி வீடு கட்ட முடியாது. அதே சட்டப்படி ஓடையின் இரு கரையிலும் ஊர்ப்புறச் சமவெளியில் 15 மீட்டர், சரிவான நிலத்தில் 50 மீட்டர் வரை பாதுகாப்புப் பகுதி. 1 ஹெக்டேர் என்பது 100 மீட்டருக்கு 100 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லையில் ஓடும் ஓடை ஒன்றே பாதி நிலத்தை எடுத்துக்கொள்ளும். நிரந்தர ஊற்று ஒன்று இருந்துவிட்டால் அதைச் சுற்றி 100 மீட்டர் ஆரத்துக்குக் கட்டடம் கூடாது. அந்த வட்டத்தின் பரப்பே 3 ஹெக்டேருக்கு மேல். ஊற்று நிலத்தின் நடுவே இருந்தால் உங்கள் நிலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். கிரயப் பத்திரத்தில் இவை எதுவும் எழுதியிருக்காது.

அடுத்தது சமதளம். நான் என் நிலத்தைப் பிப்ரவரியில் வாங்கினேன். காய்ந்த புல், கெட்டியான மண், கால் வைத்தால் தூசு பறக்கும். அங்கே மே மாதம் தொடங்கும் மழை நவம்பர் வரை நீடிக்கும். பசிபிக் கரையில் செப்டம்பரும் அக்டோபரும்தான் உச்சம். அக்டோபரில் கழிவுநீர்த் தொட்டிக்காக இடுப்பளவு ஆழத்தில் ஒரு சோதனைக் குழி வெட்டிவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் போனால் குழி விளிம்பு வரை நீர் நிறைந்திருந்தது, அதில் தவளை மிதந்தது. மேலேயிருந்து வடியும் நீர் அத்தனையும் தங்கும் இடம் அது என்பது அப்போதுதான் புரிந்தது. சரிவுக்கு நடுவே ஒரு சமதளம் ஏன் உருவாயிற்று என்று பிப்ரவரியில் நான் கேட்கவே இல்லை. வீட்டை மேலே தள்ளிக் கட்டத் தாங்குசுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. அதற்கான செலவு நிலத்தின் விலையை நெருங்கியது.

உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள்.

நீலக்கரை:

இரு தரப்பும் தொடாத இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, அந்த நிலம் உண்மையிலேயே பட்டா நிலமா என்பது. 1977-ஆம் ஆண்டுக் கடலோரச் சட்டம், எண் 6043, கடல் ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டரை அரசுடைமையாக வைத்திருக்கிறது. முதல் 50 மீட்டர் பொதுமக்களுக்கு உரியது, யாருக்கும் கொடுக்க முடியாது. மீதி 150 மீட்டரை நகராட்சி 5 முதல் 20 ஆண்டுக்கு அனுமதிக் குத்தகையாகத் தரலாம். அதுவும் நாட்டில் 5 ஆண்டு வசித்திராத வெளிநாட்டவருக்குக் கிடையாது. எனக்கு விற்க வந்தவர் ‘சொந்த நிலம்’ என்றுதான் சொன்னார். புதருக்குள் கான்கிரீட் எல்லைக்கல் ஒன்று நிற்பதைப் பார்த்து, அங்கிருந்து நாடாவைப் பிடித்து நானே அளந்தபோது, வீட்டின் முன்பாதி அந்த மண்டலத்துக்குள் கிடந்தது. உங்களுடையது குன்றுச் சரிவு என்பதால் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆனாலும் அளந்து பாருங்கள்.

இரண்டாவது, நிலம் வாங்கினால் குடியிருக்கும் உரிமை தானாக வராது. முதலீட்டாளர் என்ற வகையில் வசிப்புரிமை கேட்பதற்கான தொகையை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2 லட்சம் டாலரிலிருந்து 1.5 லட்சம் டாலராகக் குறைத்தது. ஆனால் பதிவில் உள்ள மதிப்பைத்தான் கணக்கில் எடுப்பார்கள். என் கிரயத்தின்போது, வரியை மிச்சப்படுத்தலாம் என்று விலையைக் குறைத்துக் காட்டச் சொன்னார் ஒரு வழக்கறிஞர், நானும் இணங்கினேன். கொடுத்தது முழு விலை, காகிதத்தில் இருந்தது பாதி. வசிப்புரிமைக்கு அந்த நிலம் உதவவில்லை. விற்கும்போது 2019 முதல் நடைமுறையில் உள்ள 15 விழுக்காடு மூலதன ஆதாய வரியும் அந்தக் குறைந்த விலையிலிருந்து கணக்கிடப்பட்டு என் தலையில் விழுந்தது. தயவுசெய்து கொடுக்கும் விலையையே எழுதுங்கள். மாதம் 1,000 டாலர் ஆயுள்கால ஓய்வூதியம் வருகிறது என்றால், நிலமே வாங்காமல் ஓய்வூதியர் வகையில் விண்ணப்பிக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

பதிவேடு:

ஈரமண் அவர்களின் குழி அனுபவம் வருத்தம் தருகிறது. ஆனால் அது வாடகைக்கு இருக்காததால் வந்த வினை அல்ல, வாங்கும் முன் சோதிக்காததால் வந்தது. இவை அனைத்தையும் முன்பண ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதலாம். நீர் கிடைக்கும் என்ற சான்று, நகராட்சியின் நிலப்பயன்பாட்டுச் சான்று, பதிவு பெற்ற அளவையாளரின் ஓடைத் தூர அளவு, மண் சோதனை ஆகிய நான்கும் வந்தால்தான் கிரயம். வராவிட்டால் பணம் திரும்ப வேண்டும். முன்பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், நிதி மேற்பார்வை ஆணையத்தில் பதிவு செய்த நடுநிலைக் கணக்கில் போடுங்கள். இதற்கு இரண்டு மாதம் போதும், ஓராண்டு எதற்கு?

வாடகையை ஏதோ பாடசாலை போலப் பேசுகிறீர்கள். கடற்கரை ஊர்களில் டிசம்பர் வந்தால் சுற்றுலாப் பயணிகளுக்காக வாடகையை ஏற்றுவார்கள், குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வதும் உண்டு. இன்னொருவரின் வீட்டில் இருந்துகொண்டு ஒரு மரம் நட முடியாது. நான் வாங்கிய முதல் வாரத்தில் வைத்த மாங்கன்றுகள் இப்போது கூரைக்கு மேலே நிற்கின்றன; காத்திருந்த மூன்று ஆண்டுகளை நினைத்தால் எனக்கு விலையை விட அந்த மரங்களின் உயரம்தான் வலிக்கிறது. 62 வயதில் ஓராண்டு சிறிய காலம் இல்லை.

ஈரமண்:

நீங்கள் எழுதிய நிபந்தனைகளை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நீர்ச் சான்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: ஊர்களில் குடிநீரை அசாதா எனப்படும் ஊர் நீர்ச் சங்கங்கள் நிர்வகிக்கின்றன, கோடையில் ஊற்று வற்றும் பல கடலோர ஊர்களில் அவை புதிய இணைப்பை நிறுத்தி வைத்திருக்கின்றன. அந்தச் சான்று இல்லாமல் கட்டட அனுமதி கிடையாது. கிணறு வெட்டிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். அதற்கும் அரசின் நீர்த்துறை அனுமதி வேண்டும்.

ஆனால் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் நிலத்தைச் சோதிக்கும், நம்மைச் சோதிக்காது. தென்கோடியிலிருந்து புந்தரேனாஸ் நகரின் பெரிய மருத்துவமனைக்குப் போகப் பாக்கேராவில் படகேற வேண்டும், கடக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கடைசிப் படகு போன பிறகு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்பதை, அங்கே ஓர் இரவாவது விழித்திருந்து யோசித்தவருக்குத்தான் தெரியும். என் மனைவிக்கு அப்படி ஓர் இரவு வந்தது. மழையில் பெருகிய ஓடையைத் தாண்ட முடியாமல் வண்டியை நிறுத்திவிட்டு விடியும் வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நல்லவேளையாக அது நெஞ்சு வலி அல்ல என்று பிறகு தெரிந்தது. அதன் பின் அவள் அங்கே இருக்க விரும்பவில்லை, நிலமோ விலை போகவில்லை. ஆளில்லாத நிலத்தில் யாராவது குடிசை போட்டு ஓராண்டு அனுபவத்தில் வைத்துவிட்டால் வெளியேற்றுவது நெடுநாள் வழக்காகிவிடும் என்பதால், காவலுக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து, அவருக்குச் சமூகக் காப்பீடும் கட்டிக்கொண்டிருந்தேன்.

வாடகை வீடாக இருந்திருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

மலைச்சரிவு:

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. இந்த நான்கு நாட்களில் செய்தவற்றைச் சொல்கிறேன். பதிவக எண் 6-இல்தான் தொடங்குகிறது, விற்பவரின் பெயரும் பொருந்துகிறது, வில்லங்கம் எதுவும் இல்லை. அளவை வரைபடத்தை உற்றுப் பார்த்தபோது ஓடை எல்லையில் அல்ல, நிலத்துக்குள் ஏறத்தாழ 20 மீட்டர் உள்ளே ஓடுவது தெரிந்தது. ஊர் நீர்ச் சங்கத்துக்கு எழுதினேன். இப்போதைக்குப் புதிய இணைப்பு இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதை விற்பவருக்கு அனுப்பியதும், ஈரமண் அவர்கள் சொன்னபடியே, கிணறு வெட்டிக்கொள்ளலாம் என்றார்.

முன்பணம் கொடுக்கவில்லை. நிபந்தனைகளை எழுதி அனுப்பியிருக்கிறேன், ஏற்றால் பேசலாம். மனைவி இதற்கிடையில் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கோபானோவில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டார். அக்டோபரில் அந்தச் சமதளத்தில் ஒரு குழி வெட்டிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன்.

பதிவேடு:

அதுவரை அந்த நிலம் இருக்காது என்பதே இப்போதும் என் கருத்து. ஆனாலும் ஓடை 20 மீட்டர் உள்ளே ஓடுகிறது என்றால் சரிவின் அளவு 15 மீட்டர் விதியில் வருகிறதா, 50 மீட்டர் விதியில் வருகிறதா என்பதைத் தெரிந்துகொள்ள மழை தேவையில்லை. இந்த வாரமே ஓர் அளவையாளரை அனுப்பி, ஓடையின் இரு கரையிலிருந்தும் அளந்து குறித்துத் தரச் சொல்லுங்கள். 50 என்று வந்தால் உங்களுக்கு வீடு கட்ட அங்கே எஞ்சுவது ஓடைக்கு எதிர்க்கோடியில் ஒரு கீற்றுதான். பிறகு குழி வெட்ட வேண்டிய அவசியமே இருக்காது.