மெயின் சுவிட்ச் ஆஃப், ஆனாலும் பேட்டரி காலி: மும்பை படகுக்காரர்கள் பார்த்தவை

வர்சோவா:
மூணு நாள்ல பேட்டரி இறங்குதுன்னா உடனே புதுசு வாங்க ஓடாதீங்க. 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை முழுசா சார்ஜ் ஏத்தி, ஒயரைக் கழட்டி, ஒரு ராத்திரி சும்மா வைங்க. காலையில மீட்டர்ல 12.6 வோல்ட் நின்னா பேட்டரி நல்லா இருக்கு, படகுலதான் ஏதோ தின்னுது. தனியா இருந்தும் 12.2க்கு வந்துட்டா பேட்டரியே போச்சு.

அடுத்தது, படகு எவ்வளவு கரண்ட் தின்னுதுன்னு மல்டிமீட்டர்ல பார்க்கணும். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில சொருகி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழட்டின கேபிளுக்கும் நடுவுல மீட்டரை மாட்டுங்க. அப்படியே எஞ்சின் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் போயிடும். 0.05 ஆம்பியர்தானேன்னு விடவும் கூடாது: மாசத்துக்கு 36 ஏஹெச் (ஆம்பியர் x மணி நேரம்). மழைக்காலத்துல கரையேத்தி வச்ச படகுல 100 ஏஹெச் பேட்டரி படுத்துக்க இதுவே போதும்.

மாஹிம்:
வர்சோவா அண்ணாச்சி சொன்னதோட இன்னும் ஒண்ணு. மெயின் ஆஃப்ல இருந்தும் மீட்டர் காட்டினா முதல்ல பில்ஜ் பம்ப்பைப் பாருங்க, அதாவது படகு அடியில சேர்ற தண்ணியை இறைக்கிற பம்ப். ஆள் இல்லாதப்பவும் தண்ணி இறைக்கணும்னு அந்த ஒயரை சுவிட்சுக்கு முன்னாடியே, நேரா பேட்டரியில மாட்டியிருப்பாங்க. மீன் செதிலும் நைலான் நூலும் அடியில அடைச்சுக்கிட்டா, தண்ணி ஏறினா மிதந்து பம்ப்பை ஆன் பண்ற ஃப்ளோட் கீழே இறங்காது, பம்ப் நிக்காம ஓடும். 2.5 ஆம்பியர் பம்ப் ஒரு நாள் முழுக்க ஓடினா 60 ஏஹெச். ஃப்ளோட்டை விரலால தூக்கி விடுங்க, டக்னு விழணும். சில ஆட்டோமேட்டிக் பம்ப் இரண்டரை நிமிஷத்துக்கு ஒருதரம் தானா சுத்தி நிக்கும், அது பழுது இல்ல. நிஜமாவே தண்ணி கசிஞ்சு பம்ப் ஓடுதுன்னா பம்ப் மேல கை வைக்காதீங்க, புரொப்பல்லர் தண்டு வெளியே போற இடத்தைப் பாருங்க.

சசூன் டாக்:
ஃபியூஸை ஒவ்வொண்ணா உருவிப் பார்த்தும் மீட்டர்ல ஆம்பியர் குறையலையா? பேட்டரி இணைப்பைக் கழட்டிட்டு, ஆல்டர்னேட்டரோட (எஞ்சின் ஓடுறப்ப பேட்டரியை சார்ஜ் ஏத்துறது) தடி பாசிட்டிவ் ஒயரை எடுத்து, முனையில டேப் சுத்திட்டு, மீட்டரைப் பழையபடி மாட்டி மறுபடி அளங்க. இப்ப குறைஞ்சா, அதுக்குள்ள கரண்டை ஒரே பக்கமா விடுற டயோடு கசியுது.

பேட்டரி மூடியும் கரண்ட் கடத்தும், உப்புக்காத்து படிஞ்சா. மீட்டரை வோல்ட்டுக்கு மாத்தி, கறுப்பு முனை நெகட்டிவ்ல, சிவப்பு முனை பிளாஸ்டிக் மேல. அரை வோல்ட் காட்டினாலே ஆப்ப சோடா கரைச்ச தண்ணியால துடைங்க. செல்லுக்குள்ள ஒரு சொட்டும் போகக் கூடாது.

ஒயர் மாத்தணும்னா மும்பை எலக்ட்ரிக் சாமான் கடைத்தெரு லோஹார் சால்ல வெள்ளீயம் பூசின செம்புன்னு கேட்டு வாங்குங்க. வீட்டு ஒயர் உறைக்குள்ளயே பச்சை பூத்துடும்.