மூன்று தேதிகளும் உண்மைதான்: வரிச் சுற்றறிக்கை தேடும் ஏஜென்ட்டோடு எங்கள் அனுபவங்கள்

பதிவைத் தொடங்கியவர்:

ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணினி வேலை பார்க்கிறேன். வரிச் சட்டத்தில் எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டுமே. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கைகளை ஏஐ ஏஜென்ட் தானே தேடிப் படிக்கும்படி 2025இல் ஒரு சின்னக் கருவி எழுதினேன். ஏஜென்ட்டை வெளிக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை கையில் இருந்ததால் எழுதுவது பெரிய வேலையாக இல்லை. 'தேடு' என்று ஒரு கட்டளை, 'முழு ஆவணத்தையும் கொடு' என்று இன்னொன்று. பாடெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செப்டம்பர் 15, திங்கள். அலுவலகம் முழுக்க வருமான வரி ரிட்டர்ன் அமளி. தணிக்கை தேவைப்படாதவர்களுக்குக் கடைசி நாள் எது என்று ஏஜென்ட்டிடம் கேட்டேன். கருவியை அணைத்துவிட்டுக் கேட்டால் ஜூலை 31 என்றது. கருவியோடு கேட்டால், மே 27 தேதியிட்ட 6/2025 சுற்றறிக்கையை எடுத்துக் காட்டி, செப்டம்பர் 15 என்றது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் காலை உள்ளே நுழைந்தால் ஆளாளுக்குச் சிரிக்கிறார்கள். முந்தைய இரவு, நாள் முடியப்போகும் நேரத்தில், 12/2025 என்று இன்னொரு சுற்றறிக்கை வந்து கடைசி நாளை 16 ஆக்கியிருந்தது. என் கருவியோ 15 என்றே சாதித்தது. சுற்றறிக்கைத் தொகுப்பை ஞாயிறுதோறும் புதுப்பித்தால் போதும் என்று வைத்திருந்தேன், அன்று செவ்வாய்.

இதில் எந்தத் தேதியும் கற்பனை இல்லை. ஏஜென்ட் இல்லாததைச் சொல்லும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். காலாவதியான உண்மையைச் சொல்லும் என்பது தோன்றவே இல்லை. உங்களுக்கு நடந்தவற்றையும் எழுதுங்கள்.

டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே வரி பிடிப்பது) பார்க்கும் உறுப்பினர்:

எனக்கு வினை வந்தது ஒரு எழுத்தால். தனிநபர் ஒருவர் மாதம் 60,000 ரூபாய் வாடகை கொடுக்கிறார், எவ்வளவு பிடிக்க வேண்டும்? பழைய 1961 சட்டத்தில் இது 194-ஐபி பிரிவு. எங்கள் கருவி 194-ஐ, 194-ஐஏ இரண்டையும் முன்னே தள்ளியது. ஒன்று மற்றவர்கள் செலுத்தும் வாடகைக்கு, இன்னொன்று சொத்து வாங்குவதற்கு. பொருள் ஒற்றுமை பார்த்துத் தேடும் முறைக்கு இவையெல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள், முகம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. போதாக்குறைக்கு ஒரு ஆவணத்தில் எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவே கோடு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை.

கடைசியில் சரியான பிரிவைப் பிடித்தது. விகிதம் 5 சதவீதம் என்றது. 2024 அக்டோபர் 1 முதல் அது 2 சதவீதம். கையில் சிக்கியது அதற்கு முந்தைய விளக்கக் குறிப்பு. இப்போது பிரிவு எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலையும் சேர்த்திருக்கிறோம். கோடு, இடைவெளி எல்லாவற்றையும் முதலிலேயே நீக்கிவிடுகிறோம். தேடலின் தரம் பாதி உயர்ந்தது இந்த அற்ப வேலையால்தான்.

ஓர் ஆடிட்டர்:

கணினி தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 'அதிகாரபூர்வம்' என்ற ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டுக் குலுக்குகிறீர்கள். சட்டப் பிரிவு வேறு, விதி வேறு, சுற்றறிக்கை வேறு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119ஆம் பிரிவின்படி வாரியத்தின் சுற்றறிக்கை துறை அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும், நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. சட்டத்துக்கு முரணான சுற்றறிக்கை செல்லாது என்று ரத்தன் மெல்டிங் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வே சொல்லிவிட்டது. இணையதளத்துக் கேள்வி பதில் பகுதி சுற்றறிக்கை அளவுக்குக்கூட இல்லை.

என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஏஜென்ட் எழுதிய கடித வரைவைக் கொண்டுவந்தான். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாதத்தின் முதுகெலும்பாக நின்றது ஒரு கேள்வி பதில் வரி! சட்டப் பிரிவு எங்கோ அடியில் கிடந்தது. ஒவ்வொரு முடிவின் தலையிலும் அது எந்த வகை ஆவணம் என்று கருவி எழுதிக் கொடுத்தால் என்ன?

மென்பொருள் எழுதும் உறுப்பினர்:

புதிய சட்டம் எங்களை ஒரு வாரம் அலைக்கழித்தது. வருமான வரிச் சட்டம், 2025 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்ததும் பழைய ஆவணங்களை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றினோம். ஒருவர் சேமிப்புக்கான வரிச் சலுகை தரும் 80சி பற்றிக் கேட்டார். ஏஜென்ட் தேடியது, ஒன்றும் சிக்கவில்லை. உடனே அந்தச் சலுகை ரத்தாகிவிட்டது என்று ஆணித்தரமாகச் சொல்லிவிட்டது. அது எங்கும் போகவில்லை, 123ஆம் பிரிவாகப் பெயர் மாறி உட்கார்ந்திருக்கிறது. சம்பளத்தில் வரி பிடிப்பதற்கான 192 இப்போது 392.

நீக்கியதும் தப்பு. 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு இன்னும் பழைய சட்டம்தான். இரண்டையும் வைத்து, எண்களுக்கு நடுவே ஒரு பொருத்தப் பட்டியல் போட்டோம். எந்த ஆண்டு என்று கேட்காமல் இனி கருவி தேடவே தேடாது.

இன்னொருவர்:

சுருக்கமாக. எங்கள் ஏஜென்ட் தேடல் சொற்களோடு வாடிக்கையாளரின் பான் எண்ணையும் சேர்த்து அனுப்பியிருந்தது. கருவி அனுப்பியதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. உங்கள் பதிவேட்டையும் ஒருமுறை பாருங்கள்.

பதிவைத் தொடங்கியவர்:

பான் விஷயத்தைப் படித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன், தப்பித்தேன். ஆடிட்டர் ஐயா சொன்னபடி ஆவண வகை சேர்த்தாயிற்று. தொகுப்பு தினமும் புதுப்பிக்கப்படுகிறது, கடைசியாகப் பார்த்த நாளும் நேரமும் பதிலோடு வருகிறது. எதுவும் சிக்காதபோது 'கிடைக்கவில்லை' என்று மட்டும் சொல்ல வேண்டும், 'இல்லை' என்று சொல்லக் கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று எங்கள் பெரியவர் ஏதோ கேட்டார். "கிடைக்கவில்லை, கடைசியாகத் தேடியது இன்று காலை 9.10" என்று பதில் வந்தது. அவர் திரையையும் என்னையும் ஒருமுறை பார்த்தார். "இதை முதல் நாளே சொல்லப் பழக்கியிருக்கலாமே தம்பி" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரிப் பக்கம் எழுந்து போனார்.