டாலி பார்ட்டனும் அவர் அப்பாவும், தபாலில் வரும் புத்தகங்களும்

அன்பின் சங்க உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் மகளுக்கு இரண்டு மாதம் ஆனபோது, டென்னசி மாநிலத்தின் நோக்ஸ்வில் நகரில் நாங்கள் குடியிருந்த வீட்டுத் தபால்பெட்டியில் ஒரு படப்புத்தகம் வந்து கிடந்தது. ஒட்டியிருந்த முகவரிச் சீட்டில் என் பெயரும் இல்லை, என் மனைவியின் பெயரும் இல்லை. குழந்தையின் பெயர்தான் அச்சாகியிருந்தது. பேறுகாலத்துக்கு உதவியாக ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்சைப் பிள்ளைக்குத் தபால் போடுறது யாருப்பா?" என்று கேட்டார். டாலி பார்ட்டன் என்ற பாடகி என்று சொன்னேன். அதற்கு மேல் அப்போது எனக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. அதன் பிறகு மகளுக்கு ஐந்து வயது நிறையும் வரை மாதந்தோறும் ஒரு புத்தகம் தவறாமல் வந்தது. அந்தப் பெண்மணியைப் பற்றித் தேடித் தெரிந்துகொண்டவற்றை, ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

டாலி பார்ட்டன் 1946ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, கிழக்கு டென்னசியின் ஸ்மோக்கி மலைத்தொடரை ஒட்டிய செவியர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது), லிட்டில் பிஜன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மரக்குடிசையில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவர். வீட்டில் மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. அப்பா ராபர்ட் லீ பார்ட்டன் முதலில் பிறர் நிலத்தை விளைச்சலில் பங்குக்கு உழுது, பின்னர் சிறிது சொந்த நிலத்தில் புகையிலை பயிரிட்டவர். பிரசவம் பார்த்த மருத்துவருக்குக் கொடுக்கக் காசில்லாமல் ஒரு மூட்டை சோளமாவைக் கூலியாகக் கொடுத்தார்கள் என்று டாலியே பலமுறை சொல்லியிருக்கிறார். ராபர்ட் தாமஸ் என்ற அந்த மருத்துவரின் பெயரில் பின்னாளில் அந்தக் கவுண்டியில் மருத்துவ அறக்கட்டளை ஒன்று தொடங்கப்பட்டபோது, அதற்குக் கௌரவத் தலைவராக இருந்து பணம் திரட்டிக் கொடுத்தவரும் டாலிதான்.

அம்மா ஏவி லீ, யாரோ கொடுத்த துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டு மகளுக்கு ஒரு மேற்சட்டை தைத்தார். தைக்கும்போதே, பைபிளில் வரும் யோசேப்பின் பலவண்ண அங்கியின் கதையையும் சொன்னார். பெருமையோடு அதை அணிந்துகொண்டு பள்ளிக்குப் போன சிறுமியைப் பிள்ளைகள் கேலி செய்து அழவைத்தார்கள். 1969இல் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகும் பேருந்தில் அந்த நினைவு பாட்டாக வந்தபோது, எழுதத் தாள் இல்லாமல், உடன் பாடும் போர்ட்டர் வாகனரின் உடைகளைச் சலவைக்குப் போட்ட ரசீதின் பின்புறத்தில் எழுதினார். 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' என்ற அந்தப் பாட்டு 1971இல் வெளிவந்தது. தான் எழுதியவற்றில் தனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று இன்றும் சொல்கிறார்.

தாத்தா ஊழியம் செய்த பெந்தேகொஸ்தே சபையில் பாடத் தொடங்கியவருக்கு, எட்டு வயதில் மாமா பில் ஓவன்ஸ் கிட்டார் வாங்கிக் கொடுத்தார். பத்து வயதில் நோக்ஸ்வில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடினார். 1964இல் குடும்பத்திலேயே முதல் ஆளாக உயர்நிலைப் பள்ளியை முடித்து, மறுநாளே நாஷ்வில் நகரத்துக்குப் பேருந்து ஏறினார். அதன் பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். போர்ட்டர் வாகனரின் குழுவிலிருந்து விலகும்போது அவருக்கு விடைகொடுத்து எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' 1974இல் வெளியானது. அதைப் பாட எல்விஸ் பிரெஸ்லி விரும்பினார். ஆனால் பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய மேலாளர் நிபந்தனை போட்டார். டாலி மறுத்துவிட்டு, அன்றிரவு முழுவதும் அழுததாகச் சொல்லியிருக்கிறார். 1992இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடி அது உலகெங்கும் ஒலித்தபோது, எழுதியவருக்குரிய வருமானம் முழுவதும் டாலிக்கே வந்தது. பின்னாளில் அவர் அள்ளிக் கொடுத்ததற்கெல்லாம், அன்று அழுதுகொண்டே காப்பாற்றிய உரிமையும் ஒரு மூலதனம் என்றே நான் நினைக்கிறேன்.

1986இல், அதே கவுண்டியில் உள்ள பிஜன் ஃபோர்ஜ் ஊரில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் பங்குதாரராகச் சேர்ந்து, அதை 'டாலிவுட்' ஆக்கினார். சுற்றுவட்டாரத்தில் வேலை இல்லாமல் வெளியூர் போய்க்கொண்டிருந்த மக்களுக்கு ஊரிலேயே பிழைப்பு வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று அங்கு ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். 2022 முதல், பருவகால ஊழியர்கள் உட்பட யார் கல்லூரியில் படிக்க விரும்பினாலும் அவர்களுடைய கட்டணத்தை நிறுவனமே ஏற்கிறது.

1988இல் டாலி தொடங்கிய அறக்கட்டளை முதலில் கவனித்தது, உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைகளை. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்து, இருவர் இருவராகச் சேரச் சொன்னார். இருவருமே பள்ளியை முடித்தால் ஆளுக்கு 500 டாலர் தன் கையால் தருவதாக வாக்களித்தார். அந்த இரண்டு வகுப்புகளில் இடைநிற்றல் 35 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தது. பணத்தை விட, கூட்டாளியைக் கைவிடக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு வந்த புத்தகத்தின் கதை 1995இல் தொடங்குகிறது. டாலியின் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தனக்குத் தெரிந்த மனிதர்களிலேயே அவரைப் போல் அறிவாளி இல்லை என்று சொல்லும் மகளுக்கு, அந்த அறிவாளி எழுத்தின் முன்னால் கூசி நின்றதைப் பார்த்த வலி போகவில்லை. செவியர் கவுண்டியில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், ஏழை பணக்காரர் பார்க்காமல், மாதம் ஒரு புத்தகம் தபாலில் அனுப்பும் 'இமேஜினேஷன் லைப்ரரி' இப்படித்தான் பிறந்தது. முதல் முறை அனுப்பியவை சுமார் 1,700 புத்தகங்கள். 2000ஆம் ஆண்டு முதல் மற்ற ஊர்களும் சேரலாம் என்று அறிவித்தார்கள். புத்தகத் தேர்வு, அச்சு, பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். உள்ளூர் அமைப்பு ஒன்று பிள்ளைகளைப் பதிவு செய்து, புத்தகத்துக்கும் தபாலுக்கும் ஆகும் செலவை ஏற்கும். ஒரு பிள்ளைக்கு மாதம் மூன்று டாலருக்கும் குறைவாகவே ஆகிறது. 2018இல் பத்துக் கோடியாவது புத்தகம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வழங்கப்பட்டது. இப்போது அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய ஐந்து நாடுகளில் சேர்த்து 20 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த நாடுகளில் சின்னப் பிள்ளைகளோடு இருக்கும் நம் உறவுகள் தங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்து, தம் பகுதியில் இத்திட்டம் உண்டா என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

2016 நவம்பர் 28ஆம் தேதி இரவு, ஸ்மோக்கி மலைக் காட்டுத்தீ பலத்த காற்றில் கேட்லின்பர்க் ஊருக்குள் இறங்கி 14 பேரைப் பலிகொண்டது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. சில நாட்களிலேயே டாலி ஓர் அறிவிப்பு செய்தார்: வீடிழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆறு மாதங்களுக்கு மாதம் 1,000 டாலர். கம்பளி, துணிமணி, பாத்திரம் என்று பிறர் தீர்மானித்த பொருளாக இல்லாமல், எதற்குச் செலவழிப்பது என்பதை அந்தக் குடும்பமே முடிவு செய்யும்படி பணமாகவே கொடுத்தார்கள். நன்கொடை எதிர்பார்த்ததை விட அதிகம் சேர்ந்ததால் கடைசி மாதம் 5,000 டாலராகக் கொடுக்க முடிந்தது. சுமார் 900 குடும்பங்கள் ஆளுக்கு 10,000 டாலர் பெற்றன. அந்த நிதிக்கு அவர் இட்ட பெயர் 'என் மக்கள் நிதி'.

2020 ஏப்ரலில் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் மருத்துவ மையத்துக்கு அவர் கொடுத்த பத்து லட்சம் டாலரில் ஒரு பகுதி மொடர்னா கொரோனா தடுப்பூசியின் தொடக்க ஆய்வுக்கு உதவியது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும், தனக்கு முறை வரட்டும் என்று காத்திருந்து 2021 மார்ச்சில்தான் அவர் ஊசி போட்டுக்கொண்டார்.

போன கோடையில் மகளை செவியர்வில் நீதிமன்றத்துக்கு முன்னால் இருக்கும் டாலியின் வெண்கலச் சிலையைப் பார்க்க அழைத்துப் போனோம். 1987இல் வைத்தது. பாறை மேல் உட்கார்ந்து, கையில் கிட்டாரோடு, காலில் செருப்பில்லாமல் சிரிக்கும் சிறு வயது டாலி அது. சிலை வைத்த காலத்தில் அவருடைய அப்பா, ஊர் அடங்கிய பிறகு வாளியில் சோப்புத் தண்ணீரும் துடைப்பமும் எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, புறா எச்சத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவாராம். ஊர்ப் பிள்ளைகள் மகளைப் 'புத்தக அம்மா' என்று கூப்பிடுவதைக் கேட்டு அவர் பூரித்துப்போவார் என்றும் டாலி சொல்லியிருக்கிறார். 2000ஆம் ஆண்டு நவம்பரில் அந்த அப்பா இறந்தார். எங்கள் மகள் அந்த வெண்கலப் பாதத்தின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இவங்கதான் எனக்குத் தபால் போட்டவங்களா?" என்று கேட்டாள்.