பிரஷர் மாத்திரையோடு வலி மாத்திரையும் சளி மாத்திரையும் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. தினமும் காலையில் டெல்மிசார்டான் 40 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மி.கி. சேர்ந்த மாத்திரை. பிரஷர் 130/80-ஐ ஒட்டியே இருந்தது. முழங்கால் வலிக்கு ஐபுப்ரோஃபென் 400, மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை என்று நான்கு நாளாகப் போடுகிறார். இப்போது 150/94. பிரஷர் மாத்திரையை இரண்டாக்கலாமா?

பதில் 1: வேண்டாம். பிரஷரை ஏற்றிவிட்ட மருந்தை நிறுத்தாமல் பிரஷர் மாத்திரையை இரட்டிப்பாக்கினால், அந்த மருந்து நின்றதும் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றும்.

முதல் சந்தேகம் ஐபுப்ரோஃபென் மேல்தான். சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை விரித்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின். இந்த மருந்து அதைத் தடுப்பதால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பிரஷர் மாத்திரையும் சரியாக வேலை செய்யாது. டெல்மிசார்டான், நீர் மாத்திரை (அந்த ஹைட்ரோகுளோரோதயசைடு), ஐபுப்ரோஃபென் மூன்றும் சேர்வது சிறுநீரகத்துக்கே ஆபத்து. வாந்தி, பேதி வந்து உடம்பு வற்றியிருந்தால் இன்னும் மோசம். சிறுநீர் குறைந்தாலோ கால் வீங்கினாலோ உடனே டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரக வேலையைக் காட்டும் அளவு) பொட்டாசியமும் பாருங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சன் எல்லாம் இதே குடும்பம்தான், பெயர் மாற்றி வாங்கிப் பயனில்லை. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தேய்த்தால் ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயத்துக்காக ஆஸ்பிரின் 75 எழுதித் தந்திருந்தால் அது வேறு கணக்கு, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பதில் 2: சளி மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃபினைல்எஃப்ரின் அல்லது சூடோஎஃபெட்ரின் இருந்தால் அதுவும் காரணம். மூக்கின் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து மற்ற ரத்தக்குழாய்களை மட்டும் விட்டுவைக்குமா? உப்புநீர்ச் சொட்டு போதும். தும்மல், மூக்கொழுகலுக்குத் தனி சிட்ரிசின் பிரஷரை ஏற்றாது, தூக்கம்தான் வரும்.

பதில் 3: வலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி., 6 மணி நேர இடைவெளியில், சில நாள் மட்டும். சளி மாத்திரைக்குள்ளும் பெரும்பாலும் அதுவே இருக்கும், கூட்டிப் பாருங்கள். தினம் 4 கிராம் வீதம் 2 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2022) பிரஷரின் மேல் அளவு சுமார் 5 ஏறியது. தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம்: ஒரு மாத்திரையிலேயே ஏறக்குறைய 400 மி.கி. சோடியம், அதாவது 1 கிராம் உப்பு.

கேள்வி கேட்டவர்: ஐபுப்ரோஃபென், சளி மாத்திரை இரண்டையும் நிறுத்திவிட்டோம். பிரஷரை எப்படி அளப்பது?

பதில் 1: காபி, டீ குடித்து அரை மணி கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பட்டை சட்டைக் கை மேல் வேண்டாம், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும் 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியை டாக்டரிடம் காட்டுங்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்று ஏதாவது ஒன்று வந்தாலும் அளந்துகொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.