லயத்தில் தூள் விற்கும் ‘வைத்தியர்’: அறிவித்தல் எழுத உதவி தேவை

வணக்கம். ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒருவர் லயம் லயமாக (தொழிலாளர் வரிசை வீடுகள்) வந்து சீனி வருத்தத்துக்குத் தூள் விற்கிறார். இன்சுலினையும் நிறுத்தச் சொல்கிறாராம். அதுதான் பயம், உயிருக்கே ஆபத்து.

கோயில் பலகையில் அறிவித்தல் ஒட்டப் போகிறோம். ஆங்கில வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையின் இணையத்தளத்தில் பதிவைத் தேடலாம். இவரோ ‘பரம்பரை வைத்தியர்’ என்கிறார். சரி, 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டப்படி அவர்களுக்கும் பதிவு உண்டே! கேட்டால் மழுப்புகிறார் (ஆள் பேச்சில் கெட்டி).

அந்தப் பதிவை நுவரெலியா மாவட்டத்தில் யாரிடம் சரிபார்ப்பது? பார்க்காமலே ‘போலி வைத்தியர்’ என்று எழுதினால் வழக்கு வருமா? ‘பதிவைக் காட்டாதவர்’ என்று மட்டும் போடவா? அப்புறம், சிங்களத்திலும் யாராவது எழுதித் தாருங்கள்.